பறவைக் காய்ச்சல் பரவும்போது வீட்டுக் கிளியை வைத்திருக்கலாமா?

பறவைக் காய்ச்சல் செய்தியைப் பார்த்துவிட்டு, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் கிளி வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே வளரும் கிளிக்கு இந்த நோய் வருவது மிக அரிது. நான் பதினோரு வருடமாக ஒரு சாம்பல் கிளி வளர்க்கிறேன். முதல் முறை இப்படிச் செய்தி வந்தபோது பயந்துபோய் இரண்டு நாள் அதைத் தோளில் ஏற்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸைச் சுமந்து திரிபவை பெரும்பாலும் காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகள். அவற்றின் எச்சம், எச்சில், மூக்குச் சளி வழியாகக் கோழிகளுக்குப் போகிறது. கிளிக்கு வரவே வராது என்று சொல்ல மாட்டேன். வைரஸ் உடம்புக்குள் போய்விட்டால் கிளியும் தாங்காது. ஆனால் அது போவதற்கு ஒரு வழி வேண்டும். 2005இல் இங்கிலாந்தில், இறக்குமதியான பறவைகளைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த இடத்தில் இந்த வைரஸ் தென்பட்டது. தென் அமெரிக்க நாடான சுரினாமிலிருந்து வந்த கிளிக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள். விசாரித்தபோது, தைவானிலிருந்து வந்த சின்னப் பறவைகளில்தான் வைரஸ் இருந்திருக்க வேண்டும், மாதிரிகள் கலந்துவிட்டன என்ற முடிவுக்கு வந்தார்கள். பல ஊர்ப் பறவைகள் ஒன்றாக அடைபடும் இடம்தான் ஆபத்து. அதனால் இந்த நேரத்தில் புதுப் பறவை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு மாதமாவது வேறு அறையில் வையுங்கள்.

வீட்டுக் கிளியைப் பொறுத்தவரை வைரஸ் வந்துசேரும் வழி பெரும்பாலும் நாம்தான். ஏரிக்கரையிலோ கோழிப் பண்ணையிலோ எச்சத்தை மிதித்த செருப்போடு கூண்டு வரை வந்துவிடுகிறோம். செருப்பு வாசலோடு நிற்கட்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிளியைத் தொடுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைத்துவிடும். கூண்டை மொட்டைமாடியிலோ கூரையில்லாத பால்கனியிலோ வைக்காதீர்கள், மேலே பறக்கும் பறவையின் எச்சம் தண்ணீர்க் கிண்ணத்தில் விழலாம். காக்கைக்கும் புறாவுக்கும் அதே இடத்தில் தீனி போடும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கோழி, வாத்தும் வளர்க்கிறீர்களா? முதலில் கிளி வேலையை முடித்துவிட்டுக் கோழியிடம் போங்கள், திரும்பியதும் துணி மாற்றுங்கள். முட்டை கொடுப்பதென்றால் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

கூண்டைத் திறந்து பறக்கவிடு என்றும் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே தீனி தேடத் தெரியாத பறவை அது, நோயுள்ள பறவைகள் குடிக்கும் தண்ணீரைத்தான் அதுவும் குடிக்கும்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 900க்கும் அதிகமான மனிதர்களுக்கு எச்5என்1 வந்து, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். பயமுறுத்தும் கணக்குதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நோயுற்ற அல்லது செத்த கோழி, வாத்துகளை நெருங்கிக் கையாண்டவர்கள். கிளியிடமிருந்து நமக்கு வரக்கூடியது என்று நான் கவலைப்படுவது கிளிக் காய்ச்சலைத்தான். அது பாக்டீரியாவால் வருவது, மருந்துக்குக் கட்டுப்படும். காய்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் வருகிறது. கூண்டுத் தட்டை உலர்வாகப் பெருக்காமல் தண்ணீர் தெளித்து, நனைத்துத் துடையுங்கள். அந்த வேலையைக் குழந்தையிடம் விடாதீர்கள்.

கிளி நோயை மறைக்கும் பிராணி, நாம் கவனிக்கும்போது பாதி முற்றியிருக்கும். நான் வாரம் இரண்டு முறை சமையலறைத் தராசில் எடை பார்க்கிறேன். இறகை உப்பிக்கொண்டு ஓரமாக உட்காருவது, தீனி எடுக்காதது, மூச்சு வாங்குவது, தலை ஒரு பக்கம் சாய்வது, தடியிலிருந்து விழுவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். பெரும்பாலும் வேறு நோயாகத்தான் இருக்கும். ஆனாலும் நேராகத் தூக்கிக்கொண்டு போகாமல் முதலில் போன் செய்யுங்கள், அங்கே மற்றவர்களின் பறவைகளும் காத்திருக்கும்.