பிரேக் போட்டால் மட்டும் கார் ஏன் அதிர்கிறது?

பிரேக் பெடலை மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங்கோ பெடலோ சீட்டோ படபடவென்று நடுங்குவதைத்தான் பிரேக் அதிர்வு என்கிறோம். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், பிரேக் போட்டால் பேடுகள் இருபுறமும் அதை அழுத்திப் பிடிக்கும். பெரும்பாலும் அதிர்வுக்குக் காரணம் இந்த டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாததுதான். மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசமே போதும், கையில் தெரிந்துவிடும். கோட்டம் விழுந்த சைக்கிள் சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டை ஓரிடத்தில் இறுகி, அடுத்த இடத்தில் நழுவும், பிடித்திருக்கும் விரல்களை அது தள்ளுவதும் தெரியும். காரில் அதே தள்ளல் நிமிடத்துக்குப் பல நூறு தடவை நடக்கிறது.

ஸ்டீயரிங் ஆடினால் முன் டிஸ்க்கைப் பாருங்கள், சீட்டில் மட்டும் தெரிந்தால் பின்பக்கம். பிரேக்கைத் தொடாமலே ஆடுகிறதா, அப்படியென்றால் வீல் பேலன்ஸ் அல்லது டயர், அது வேறு கதை. சடன் பிரேக்கில் பெடல் கடகடவென்று துடித்தால் அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்வது, பயப்பட வேண்டாம்.

புது டிஸ்க் போட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் திரும்ப வருகிறதா? டிஸ்க்கைக் கழற்றி, அது பொருந்தி உட்காரும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய துரு இருந்தாலே டிஸ்க் சாய்வாக உட்காரும், சுற்றுக்கு ஒருமுறை பேடில் உரசி ஓரிடத்தில் மட்டும் தேயும். வீல் நட்டுகளைச் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்), எதிரெதிராக முடுக்காததும் இதே வேலையைச் செய்யும். அப்புறம், பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் அசையாமல் இறுகிப்போயிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

"சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பலர் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலான வண்டிகளில் டிஸ்க் வளைந்திருக்காது, சமமில்லாமல் தேய்ந்திருக்கும் அல்லது பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும்.