சதுப்பை மூட வருகிறார்களா? மறுப்பை எழுத்தில் கொடுங்கள்

வணக்கம் அக்கா. சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் உங்கள் காய்கறி நிலத்தை ஒட்டிய சதுப்பை மூடி வீடு கட்டப் போகிறார்கள், எங்கே மறுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் நகராண்மைக் கழகத்தில் 'ரன்சாங்கான் தெம்பாத்தான்', அதாவது எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். அதில் விவசாய நிலம் என்றிருந்தால், அதற்கு மாறாக அனுமதி தரக் கூடாது. அந்தத் திட்டமே இல்லாத இடமென்றால், மலேசியாவின் 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 21(6) பிரிவுப்படி பக்கத்து நில உரிமையாளருக்குக் கடிதம் வர வேண்டும். மறுக்க 21 நாள்தான். கிராண்ட் (நிலப் பட்டா) உங்கள் பெயரில் இருக்கிறதா? அது முக்கியம்.

அப்புறம், மழையில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று தேதியோடு படமெடுத்து மறுப்புக் கடிதத்தோடு இணையுங்கள். சதுப்பில் மண் கொட்டி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் உங்கள் கீரைப் பாத்திக்குத்தான் வரும். எங்கள் தோட்ட லயத்து வீடுகளில் அப்படித்தான் ஆனது. இன்னும் வயிறு எரிகிறது.