காண்டோ குளத்து நேரம் செல்லாது

நீச்சல் போட்டியில் சேர எட்ட வேண்டிய தகுதி நேரம் பற்றிச் சிங்கப்பூர்ப் பெற்றோர் கேட்டவற்றுக்கு ஒரு பயிற்சியாளராக என் பதில்கள்.

தகுதி நேரம் 29.50 விநாடி. மகள் சரியாக 29.50 நீந்தினாள். சேர்த்துக்கொள்வார்களா? (செங்காங்)

சேர்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தைத் தொட்டாலே போதும், அதைவிட வேகம் தேவையில்லை. 29.51 என்றால் கிடையாது.

ரிலேயில் மூன்றாவதாகப் போன மகன் 50 மீட்டரை 27 விநாடியில் முடித்தான். அந்த நேரத்தைத் தகுதிக்குக் கொடுக்கலாமா? (தெம்பனிஸ்)

கூடாது. முன்னால் நீந்துபவர் சுவரை நெருங்கும்போதே உடலை முன்னுக்குச் செலுத்தி, அவர் தொட்டதும் பாய்ந்துவிடலாம். அதில் அரை விநாடி வரை லாபம். முதல் ஆள் மட்டுமே சிக்னல் கேட்டுக் குதிக்கிறார், அதனால் அவருடைய நேரத்தைப் பொதுவாக ஏற்பார்கள். அதையும் போட்டி அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) 25 மீட்டர் குளத்தில் மகன் 100 மீட்டரை 1:08-இல் நீந்தினான். நேரத்தை மாற்றிக் கணக்கிடும் ஆப்பில் போட்டால் லாங் கோர்ஸ் (50 மீட்டர் குளம்) நேரம் 1:10 வருகிறது. தகுதி 1:11. பெயர் கொடுக்கலாமா? (ஜூரோங்)

எந்த நீச்சல் வகை என்றே எழுதவில்லை. வருடத்துக்கு 10 கடிதமாவது இப்படி வருகிறது. முதலில், அந்தக் குளம் 25 மீட்டர்தானா? போட்டிக் குளத்தில் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது, கூடினாலும் மிகச் சிறிய அளவுக்குள்தான் இருக்க வேண்டும். காண்டோவில் அப்படி யார் அளந்தார்கள்? அடுத்தது, போனில் நேரம் எடுத்த அப்பா. பிள்ளை பாய்ந்ததைப் பார்த்த பிறகு அழுத்துவார், சுவரைத் தொடுமுன்பே நிறுத்துவார். இரண்டு பக்கமும் சேர்ந்து நேரம் குறைந்துதான் வரும்.

அப்புறம் அந்த ஆப். 100 மீட்டருக்கு 25 மீட்டர் குளத்தில் மூன்று முறை திரும்ப வேண்டும், 50 மீட்டர் குளத்தில் ஒரே முறை. சுவரை உதைத்து வரும் அந்தச் சில மீட்டர்தான் முழு நீச்சலிலும் வேகமானது. நன்றாகத் திரும்பும் பிள்ளைக்கு ஷார்ட் கோர்ஸில் (25 மீட்டர் குளத்தில்) லாபம் அதிகம், சுமாராகத் திரும்பும் பிள்ளைக்குக் குறைவு. எல்லாருக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? என்னிடம் பயின்ற பையன் ஒருவன் நீருக்கடியில் மீன் மாதிரி போவான். ஆப் கணக்கில் அவனுக்குத் தாராளமாகத் தகுதி இருந்தது. 50 மீட்டர் குளத்தில் கடைசி 20 மீட்டர் இழுபறியாகி, ஏறக்குறைய 2 விநாடி தள்ளிப்போனான். அன்று அவன் அழுதது இன்னும் மனதில் இருக்கிறது. பெரியவர்கள் கொடுத்த நம்பிக்கை அது.

சில போட்டிகள் ஷார்ட் கோர்ஸ் நேரத்தையும் ஏற்கும். ஏற்றால் அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். எழுதாவிட்டால், 50 மீட்டர் குளத்தில் அங்கீகாரம் பெற்ற போட்டி ஒன்றில் நீந்தவையுங்கள்.

டிகியூ (விதிமீறலால் தகுதி நீக்கம்) ஆன நீச்சலின் நேரம் செல்லுமா? (புக்கிட் பாத்தோக்)

செல்லாது.

ஒலிம்பிக்கில் இரண்டு வகைத் தகுதி நேரம் என்கிறார்களே? (ஈசூன்)

பாரிஸ் 2024-இல் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளைக்கு முதல் நேரம் 51.67 விநாடி. இதை எட்டியவர்களில் ஒரு நாட்டுக்கு இருவர் வரை போகலாம். இரண்டாவது நேரம் சுமார் அரை சதவீதம் கூடுதல், 51.93. அதை மட்டும் எட்டியவர் இடம் மிஞ்சினால்தான் அழைக்கப்படுவார், நாட்டுக்கு ஒருவர். நம் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் தங்கம் வென்ற நேரம் 50.39. அந்த முதல் தகுதி நேரத்தைவிட ஒன்றேகால் விநாடிக்கு மேல் வேகம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள்.

2025-இல் இங்கு சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் 12 வயதுச் சீனச் சிறுமி எப்படி நீந்தினாள்? (உட்லண்ட்ஸ்)

யூ ஸிடி. 14 வயதுக்குக் கீழே இருப்பவர் 'ஏ' தகுதி நேரத்தை (இரண்டில் வேகமானதை) எட்டினால் போதும். அவர் எட்டினார், தனிப் பந்தயங்கள் மூன்றிலும் நான்காவதாக வந்தார்.

மகளுக்கு ஏப்ரலில் 11 வயது. எந்தப் பிரிவின் நேரத்தைப் பார்ப்பது? (பொங்கோல்)

எந்தப் போட்டி என்று எழுதாமல் எப்படிச் சொல்வேன்? சிலர் டிசம்பர் 31 அன்றைய வயதை எடுக்கிறார்கள், சிலர் போட்டியின் முதல் நாள் வயதை. அறிவிப்பைப் படியுங்கள். நேரம் எந்தத் தேதிக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். போட்டியின் பெயரோடு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.