ஷிங்கிள் கூரை சைக்லோனைத் தாங்குமா?

கேள்வி: மொரீஷியசின் வாக்குவாவில் எங்களுடையது கான்கிரீட் தளம் போட்ட வீடு. மேலே மரச்சட்டம் அடித்து, தார் ஷிங்கிள் (ஓடு போல வரிசையாக அடுக்கும் மெல்லிய தார்த் தகடு) போட்டு ஓர் அறை எடுக்க நினைக்கிறோம். மணிக்கு 209 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும் என்று ஷிங்கிள் கட்டின் மேல் அச்சடித்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: அந்த எண் பொய்யில்லை, ஆனால் அது புது ஷிங்கிளுக்கு, பசை முழுக்கப் பிடித்த நிலையில் கிடைத்த எண். விசிறிக் காற்றுச் சோதனைக்கு முன் மாதிரிக் கூரையை 60 டிகிரியை நெருங்கும் சூட்டில் 16 மணி நேரம் வைத்துப் பசையை இளக்கி ஒட்டவிடுகிறார்கள். தூறலும் குளிருமாக இருக்கும் வாக்குவாவின் ஜூலையில் வேலை செய்தால் அந்தச் சூடு கிடைக்காது.

ஷிங்கிளின் மேல்பகுதியைத்தான் ஆணி பிடிக்கிறது. கீழ் ஓரத்தைப் பிடிப்பது அடியில் இருக்கும் பசைக்கோடு மட்டுமே. அது விட்டால் காற்று உள்ளே புகுந்து ஓரத்தை மடக்கிக் கிழிக்கும். பிறகு வரிசை வரிசையாகப் போகும். வெயிலில் பழகிய கூரைகளை ஆராய்ந்த புளோரிடா பல்கலைக்கழகப் பொறியாளர்கள், புயல் வருவதற்கு முன்பே பல இடங்களில் பசை விட்டிருந்ததைக் கண்டார்கள். தரையில் நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அதனால் வேலையை அக்டோபரில், வெயில் ஏறும்போது வையுங்கள். இறவாரம், பக்க ஓரம், முகடு இந்த மூன்று இடங்களிலும்தான் காற்று அதிகமாக உறிஞ்சித் தூக்கும். அங்கே ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் அடியில், நாணய அளவில் நான்கு பொட்டு தார்ப் பசை கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். அள்ளிப் பூச வேண்டாம், ஷிங்கிள் கொப்பளிக்கும். இறவாரத்தின் முதல் வரிசைக்குப் பசைக்கோடு உள்ள தொடக்கப் பட்டையே வேண்டும். சாதாரண ஷிங்கிளைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றினால் பசை தப்பான இடத்தில் போய் உட்காரும்.

ஆணி விஷயத்தில் மேஸ்திரியின் பக்கத்திலேயே நில்லுங்கள். ஷிங்கிளுக்கு நான்கு போதாது, ஆறு வேண்டும். கொண்டை 9.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல், துத்தநாகம் தோய்த்த ஆணியாக இருக்கட்டும். அச்சிட்ட ஆணிக்கோட்டிலேயே அடிக்க வேண்டும். இரண்டு விரற்கடை மேலே போனாலும் கீழே உள்ள ஷிங்கிளின் தலையை ஆணி பிடிக்காது. ஆறு அடித்தும் பாதிப் பலன்தான். நெயில் கன்னில் (காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவி) அழுத்தம் கூடினால் கொண்டை ஷிங்கிளை அறுத்து உள்ளே இறங்கிவிடும். கொண்டை மேற்பரப்போடு சமமாகப் படிய வேண்டும்.

ஷிங்கிள் தாங்கியும் அடிப்பலகை பறந்தால் என்ன பயன்? பிளைவுட்டைக் கைமரத்தில் 63 மில்லிமீட்டர் வளைய ஆணியால் (தண்டில் வளைய வரிகள் உள்ளது) 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாகவும், பக்க ஓரங்களில் 100-க்கு ஒன்றாகவும் அடியுங்கள். கைமரங்களை உலோகப் பட்டையால் சுவரோடு கட்டுங்கள். பலகை இணைப்புகளின் மேல் 100 மில்லிமீட்டர் அகலத் தார் டேப் ஒட்டினால், ஷிங்கிள் போனாலும் அறைக்குள் மழை கொட்டாது. செலவு குறைவு, பலன் பெரிது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தாலும் கான்கிரீட் தளத்துக்கு இது ஈடாகாது. 1960-இல் கரோல் சைக்லோன் வந்தபோது காற்று மணிக்கு 256 கிலோமீட்டரைத் தொட்டது. வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் காற்றின் விசை கூடும். 209-க்கும் 256-க்கும் இடையில் விசை ஒன்றரை மடங்காகிறது. மூன்றாம் சைக்லோன் எச்சரிக்கை வந்ததும் பிள்ளைகளோடு கீழே கான்கிரீட் வீட்டுக்குள் இறங்கிவிடுங்கள். மேல் அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

ஆண்டுதோறும் சைக்லோன் பருவம் தொடங்கும் நவம்பருக்கு முன், காலைக் குளிரில் ஓரங்களை விரல்நுனியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். எழும்பினால் பசைப் பொட்டு வையுங்கள். புயலுக்குப் பின் ஷிங்கிளின் குறுக்கே மடிப்புக்கோடு தெரிந்தால் உள்ளே கண்ணாடி இழை முறிந்திருக்கிறது. அதை ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.