கிணற்று முறையும் நின்றுபோன பேச்சும்

கேள்வி: என் கணவரும் அவருடைய அண்ணனும் பொதுக்கிணற்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மின் இணைப்பு மூத்தவர் பெயரில் இருக்கிறது. சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனால் சில மாதங்களாகப் பேச்சே இல்லை. அவர்கள் வீட்டு வளைகாப்புக்குக்கூட வேறொருவர்தாம் வந்து அழைத்தார். இதைத் தகராறு என்று எடுத்துக்கொள்வதா, தானாகச் சரியாகும் என்று விட்டுவிடுவதா?
– ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: தகராறுதான், சகோதரி, விட்டுவிடாதீர்கள். நேரில் சொல்ல வேண்டியதை மூன்றாமவர் வாயால் சொல்லத் தொடங்கும்போதே மனத்தாங்கல் முற்றிவிட்டது என்று கொள்ள வேண்டும். வாய்ச்சண்டையாவது மனத்தில் இருப்பதை வெளியே கொண்டுவரும். இந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் மற்றவருடைய எண்ணத்தைத் தாமாகவே கற்பித்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது கேட்பதற்குச் சமப்பங்காகத் தோன்றும். ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரம் மாறிக்கொண்டிருக்கும் ஊரில், ஒருவர் பகலிலேயே பாய்ச்சி முடித்துவிட, மற்றவர் நள்ளிரவில் டார்ச் விளக்குடன் மோட்டார் கொட்டகைக்குப் போக நேரிடும். நெல் நட்டவருக்கும் கடலை போட்டவருக்கும் வேண்டிய நீரும் ஒரே அளவன்று. ‘என் முறை, உன் முறை’ என்று பேசும்வரை இவை வெளிவரா. ‘எந்த வாரத்தில் உனக்குத் தண்ணீர் பற்றவில்லை?’ என்று கேட்டால் வரும். முறையை நாள் கணக்கிலிருந்து மின்சாரம் வந்த மணிக்கணக்குக்கு மாற்றி, கொட்டகையிலேயே ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்.

இணைப்பு அண்ணன் பெயரில் இருப்பதால், நாளை அவர் பிள்ளைகள் மறுத்தால் என்ன செய்வது என்ற அச்சம் உங்கள் கணவருக்கு இருக்கக்கூடும். என் கணிப்பில் வேர் அங்கேதான் இருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் பாத்தியமும் எழுதப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள். பிறகு, அந்தக் கிணற்றில் பங்கில்லாத, இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரை வைத்து, விசேஷ வீட்டுக் கூட்டத்தில் அல்லாமல் தனியாகப் பேசச் செய்யுங்கள். உங்கள் ஓரகத்தியிடம் நீங்களே போய்ப் பேச்சைத் தொடங்கினாலும் தவறில்லை.

அதிலும் முடியாவிட்டால், வழக்குப் போடும் முன்பே வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அந்தக் குழு சமரசத்துக்காக நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) ஏற்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. ஆகவே, மோட்டார் பழுது, தூர்வாரும் செலவு ஆகியவை உட்பட எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்த பிறகே இருவரும் கையெழுத்திட வேண்டும்.