கோப்பு வந்துவிட்டதா?

"கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். நேர்முகத் தேர்வில், கட்டளை வரியிலிருந்தே ஒரு ஜிப் கோப்பை இறக்கிக் காட்டச் சொன்னார்கள். இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கர்ல் (curl) கட்டளையைச் சரியாகத்தான் அடித்தேன். 'கோப்பு வந்துவிட்டதா?' என்று கேட்டார்கள். 'வந்துவிட்டது' என்றேன். ஆனால் அது திறக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. இதற்கென்று கோர்ஸ் ஏதாவது சேரட்டுமா?"

கோர்ஸ் வேண்டாம், தம்பி. அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். கட்டளை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இறங்கி வந்தது என்ன என்று பார்க்கத்தான் விட்டுவிட்டீர்கள்.

கேட்ட கோப்பு சர்வரில் இல்லையென்றால், சர்வர் 404 என்று சொல்லி ஒரு பிழைப் பக்கத்தை அனுப்பும். கர்ல் அந்தப் பக்கத்தையே நீங்கள் கேட்ட பெயரில் சேமித்துவிட்டு, வேலை முடிந்தது என்று 0 என்ற முடிவு எண்ணைத் தரும். பெயர் ஜிப், உள்ளே இருப்பது எச்டிஎம்எல். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கட்டளையில் மைனஸ் எஃப் (-f) என்ற விருப்பத்தைச் சேர்த்திருந்தால் கர்ல் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு 22 என்ற எண்ணோடு நின்றிருக்கும்.

சரி, எப்படிப் பழகுவது? உங்கள் கணினி ஒன்றே போதும். பைத்தானோடு சேர்ந்தே வரும் எச்டிடிபி சர்வரை ஒரு ஃபோல்டரில் ஓடவிடுங்கள். அது 8000-ஆவது போர்ட்டில் நிற்கும். அங்கிருந்து ஒரு கோப்பை மைனஸ் வி (-v) சேர்த்து இறக்குங்கள்; நடப்பதையெல்லாம் கர்ல் திரையில் காட்டும். நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரிகள் கர்லின் சொந்தக் குறிப்புகள். வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி நீங்கள் அனுப்பியது, இடப்பக்கம் பார்ப்பது சர்வர் சொன்ன பதில். இந்த உரையாடலை வரி வரியாக நிதானமாகப் படியுங்கள். அவசரமே வேண்டாம், ஒரு மாலைப் பொழுது முழுக்க இதற்கே போனாலும் நல்லதுதான்.

அப்புறம் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். இல்லாத கோப்பைக் கேளுங்கள். சர்வரை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், முடிவு எண்ணாக 7 வரும்: முகவரி சரி, இணைப்புதான் கிடைக்கவில்லை. சர்வர் பெயரைத் தப்பாக அடியுங்கள், 6 வரும்: அப்படியொரு பெயரே கண்டுபிடிக்க முடியவில்லை. 28 வந்தால் நேரம் கடந்துவிட்டது. இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று சொல்லத் தெரிந்த ஆளைத்தான் கிளவுட் சப்போர்ட், டெவ்ஆப்ஸ் வேலைகளுக்குத் தேடுகிறார்கள்.

அடுத்தது ஆர்சிங்க் (rsync), ஃபோல்டர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் கட்டளை. இதில் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரே போகும். அதோடு டெலீட் (--delete) என்ற விருப்பத்தையும் சேர்த்தால், மூலத்தில் இல்லாதவை சேருமிடத்தில் அழிந்துவிடும். ஃபோல்டரை மாற்றிக் கொடுத்துவிட்டால் போனது போனதுதான். அதனால் முதலில் மைனஸ் என் (-n), மைனஸ் வி (-v) இரண்டையும் போட்டு ஒத்திகை பாருங்கள். எதையும் தொடாமல், என்னென்ன செய்யப்போகிறது என்று அதுவே பட்டியல் காட்டும். கடவுச்சொல்லை ஒருபோதும் கட்டளையிலேயே அடிக்காதீர்கள், கட்டளைகளை வாங்கி ஓடவிடும் ஷெல்லின் வரலாற்றில் அது அப்படியே தங்கிவிடும்.

'இதெல்லாம் பழசாச்சே' என்று யாராவது சொன்னால் குழம்பாதீர்கள். ஆர்சிங்க் 1996-இல் வந்தது. டேனியல் ஸ்டென்பெர்க் கர்லை அந்தப் பெயரில் வெளியிட்டது 1998-இல். இரண்டும் இன்றைக்கும் அன்றாட வேலையில் இருக்கின்றன. இதை மட்டும் வைத்து வேலை கிடைக்காது என்பதும் உண்மைதான். லினக்ஸும் நெட்வொர்க் அடிப்படையும் கூடவே வேண்டும்.

பயோடேட்டாவில் 'கர்ல் தெரியும்' என்று மட்டும் எழுதாதீர்கள். கோப்பை இறக்கி, அளவைச் சரிபார்த்து, தவறினால் காரணத்தைப் பதிவு செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்களே எழுதி, அதைக் குறிப்பிடுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.