பாரசூட் துணி – கடிதம்

வணக்கம் சார்,

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய யூதர்கள் மீண்டெழுந்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கடல் கடந்து வந்த அமெரிக்க யூதர்களின் பணத்தைப் பெரிதாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். பணம் வயிற்றை நிரப்பும், கூரை போட்டுக்கொடுக்கும். அறுபது லட்சம் பேரைப் பறிகொடுத்த சமூகத்தை அது எப்படித் திரும்பக் கட்டும்? வருஷக்கணக்கில் கைநீட்டி வாங்கினால் மிச்சமிருக்கும் தன்மானமும் போய்விடாதா? கொன்றவர்களின் நாட்டிடமே இழப்பீடு வாங்கியதையும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

ஒரு துணியிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய பெர்கன்-பெல்சன் வதைமுகாம் 1945 ஏப்ரலில் விடுபட்டது. பிழைத்தவர்களுக்கான முகாம் பக்கத்திலேயே அமைந்தது. அங்கே ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வெள்ளை உடுப்பில்தான் மணமேடை ஏறவேண்டும் என்பது அவளுடைய சின்ன வயது ஆசை. மாப்பிள்ளை கொஞ்சம் காபித்தூளும் சிகரெட்டும் கொடுத்து, முன்னாள் ஜெர்மன் விமானி ஒருவரிடமிருந்து பழைய வெள்ளைப் பாரசூட்டை வாங்கி வந்தார். முகாமிலிருந்த ஒரு தையற்காரப் பெண் அதை வெட்டிக் கல்யாண உடுப்பாகத் தைத்துக் கொடுத்தாள். மிஞ்சிய துணியில் மாப்பிள்ளைக்கு ஒரு சட்டை. அந்த உடுப்பு அதோடு பெட்டிக்குள் போகவில்லை. மணப்பெண்ணின் தங்கை உடுத்தினாள், பிறகு இன்னும் பலர் வாங்கி உடுத்தினார்கள்.

அன்றைய ஜெர்மனியில் மார்க் நோட்டை யாரும் மதிக்கவில்லை. உதவிப் பொட்டலங்களில் வந்த காபியும் சிகரெட்டும்தான் காசு. உதவிப் பொட்டலம் ஒருவர் கைக்கு வந்தபின் அது என்னவாக மாறவேண்டும் என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்தார். தன்மானம் பற்றிய உங்கள் கேள்விக்கு எனக்கு முதலில் தோன்றும் பதில் இந்த உடுப்புதான்.

அமெரிக்க யூதர்களின் பணத்தைக் கொண்டுசேர்த்ததாக நான் எழுதிய உதவி அமைப்பை யூதர்கள் சுருக்கமாக 'ஜாயின்ட்' (கூட்டு) என்பார்கள். 1914-ல் துருக்கிக்கான அமெரிக்கத் தூதர் மார்கெந்தாவ், பாலஸ்தீன யூதர்கள் பட்டினியில் கிடக்கிறார்கள், 50,000 டாலர் வேண்டும் என்று நியூயார்க்குக்குத் தந்தி அடித்ததில் பிறந்தது அது. ஆசாரமானவர்கள், வசதிபடைத்தவர்கள், தொழிலாளர் இயக்கத்தார் என்று ஒருவரோடு ஒருவர் ஒட்டாத மூன்று தரப்பின் கமிட்டிகள் பணத்தைப் பங்கிட மட்டும் ஒன்றுகூடியதால் அந்தப் பெயர். 1946-ல் அமெரிக்க யூதர்கள் ஒரே ஆண்டில் 10 கோடி டாலர் திரட்டுவது என்று இறங்கித் திரட்டியும் காட்டினார்கள்.

ஆனால் வெறும் சோறும் கூரையும் மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அனுப்பிய எர்ல் ஹாரிசன் 1945 கோடையில் முகாம்களைப் பார்த்தார். விடுதலையாகி மாதக்கணக்கில் ஆன பிறகும் மக்கள் முள்வேலிக்குள், காவலர்களுக்கு நடுவே. சிலர் உடலில் அப்போதும் வதைமுகாம் உடுப்பு. கொல்லவில்லை என்பதைத் தவிர நாஜிகள் நடத்தியதைப் போலத்தான் நாமும் நடத்துவதாகத் தோன்றுகிறது என்று அவர் எழுதியதை வாசிக்கும்போது இன்றும் மனம் கூசுகிறது.

முகாம்வாசிகள் கேட்டது வேறு: பள்ளிக்கூடம், தொழிற்பட்டறை, பத்திரிகை. லாண்ட்ஸ்பெர்க் முகாமில் ஹீப்ரு அச்செழுத்து கிடைக்காமல், ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷில் வந்த பத்திரிகையை லத்தீன் எழுத்தில் கோத்து வெளியிட்டார்கள். பிழைத்த ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், இன்னும் பெரிதாக ஒன்று கேட்டார்கள். யூதர்களின் சட்டமும் அதன் விளக்கமும் அடங்கிய பெருநூலான தால்மூத் முழுதாக வேண்டும். நாஜிகள் ஊர் ஊராக எரித்து அழித்த நூல் அது. காகிதத்துக்கே அல்லாடிய நாட்டில், அமெரிக்க ராணுவமும் ஜாயின்ட்டும் கைகொடுக்க, ஹைடல்பெர்க் நகரில் 1948 தொடங்கி 19 தொகுதிகளாக அச்சாகி வந்தது. அதன் முகப்பில் கீழே முள்வேலியும் முகாமும், மேலே பனைமரங்களும் புனித பூமியும். கூடவே அடிமைத்தளையிலிருந்து மீட்புக்கு, இருளிலிருந்து பேரொளிக்கு என்ற ஹீப்ரு வரி. அரிசி மூட்டைக் கணக்குப் பார்ப்பவருக்கு இது வீண்செலவு. சமூகம் என்ற ஒன்று மறுபடி மூச்சுவிட்டது இங்கேதான் என்பது என் எண்ணம்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. போலந்தில் பிழைத்தவர்கள் கூட்டுறவுப் பட்டறைகள் தொடங்க ஜாயின்ட் பணம் கொடுத்தது. 1946 ஜூலை 4 அன்று கீல்சே நகரில் கும்பல் திரண்டு 42 யூதர்களைக் கொன்றது. அடுத்த சில மாதங்களில் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் வாழவிடாத ஊரில் டாலர் என்ன செய்யும்? பிறகு கம்யூனிஸ்ட் அரசுகள் ஜாயின்ட்டை ஒவ்வொரு நாடாக வெளியேற்றின. 1953 ஜனவரியில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழ் 'பிராவ்தா' அதை உளவு அமைப்பு என்றது. அதே ஆண்டில் ஹங்கேரியிலும் கதவை மூடினார்கள். உங்கள் சந்தேகத்துக்கு இங்கே வலு இருக்கிறது, மறுக்கமாட்டேன்.

ஜெர்மன் பணம் பற்றி. உங்களுக்கு வந்த குமட்டல் அவர்களுக்கும் வந்தது. 1952 ஜனவரியில் ஜெர்மனியோடு இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை நடத்துவதற்கு எதிராக எதிர்க்கட்சித் தலைவர் பெகின் பேசிய கூட்டம் இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் மீது கல்லெறிந்தது. செப்டம்பரில் லக்சம்பர்க்கில் இழப்பீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், மற்ற நாடுகளில் இருந்தவர்களுக்காக யூத அமைப்புகளின் கூட்டுக்கு 45 கோடி. அதில் ஒரு பங்கு ஐரோப்பாவில் பள்ளிகளாகவும் முதியோர் இல்லங்களாகவும் ஆனது. உயிருக்கு விலை என்று அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பறித்த வீட்டையும் கடையையும் பறித்தவன் வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். வாங்க மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் முன்னால் எனக்குப் பேச்சில்லை.

கைநீட்டிப் பழகிவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். பிரான்ஸைப் பாருங்கள். 1949-ல் ஜாயின்ட்டின் தூண்டுதலால் அங்குள்ள யூதர்கள் தங்களுக்குள்ளேயே நிதி திரட்டிப் பகிர ஒரு பொது அமைப்பை உண்டாக்கினார்கள். 1962-ல் பிரான்ஸின் பிடியிலிருந்து அல்ஜீரியா சுதந்திரமடைந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பிரான்ஸுக்குப் பெயர்ந்தார்கள். கையில் பெட்டியோடு இறங்கியவர்களுக்கு வீடு, வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று தேடிக்கொடுக்க முன்னால் நின்றது அந்த அமைப்புதான்.